ஃபேவர் லூபா: இரண்டு ஸ்பிரிங், ஒரு காற்றில்லாப் பெட்டி

1960களில் வந்த ஃபேவர் லூபா வாட்ச்சின் பேக் கவரைத் திறந்து, மெஷினின் மேல் பாலத்தைக் கழற்றினால், சில மாடல்களில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேரல் உட்கார்ந்திருக்கும். மெயின் ஸ்பிரிங் சுருண்டு கிடக்கும் சின்ன டப்பாவைத்தான் எங்கள் தொழிலில் பேரல் என்போம். எச்எம்டியோ ரோமரோ, நம்மூரில் ஓடிய சாவி கொடுக்கும் வாட்ச்சுகளில் பொதுவாக ஒரு பேரல்தான் இருக்கும். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் மாமாவின் கடையில் நான் தொழில் பழகிய காலத்தில், இந்த இரட்டைப் பேரல் மெஷின் வந்தால் மாமா அதை உடனே என் கையில் தர மாட்டார். "மாப்ளே, இதுல ரெண்டு இருக்கு. எது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு பாத்து வச்சுக்கிட்டு அப்புறம் கைய வை" என்பார்.

ஏன் இரண்டு என்று கேட்டால், பதிலை ஸ்பிரிங்கின் குணத்தில் தேட வேண்டும். முழுக்கச் சாவி கொடுத்த நேரத்தில் ஸ்பிரிங் முரட்டுத்தனமாகத் தள்ளும். அவிழ அவிழத் தளர்ந்துகொண்டே போகும். அந்தத் தள்ளல்தான் சக்கரங்கள் வழியாகப் போய்ப் பேலன்ஸ் வீலை ஆட்டுகிறது. அந்தக் காலத்து மெஷின்களில் பெரும்பாலானவை மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. தள்ளல் குறைந்தால் ஆட்டத்தின் வீச்சு சுருங்கும். வீச்சு சுருங்கினால் நேரம் பிசகும். பகலெல்லாம் சரியாக ஓடிய வாட்ச் விடியற்காலையில் தப்பு நேரம் காட்டுவதற்கு இது ஒரு காரணம். பெரிய ஸ்பிரிங்காகப் போட்டால் பேரல் பருக்கும், வாட்ச்சும் பருக்கும். ஃபேவர் லூபா ஆட்கள் பெரிய ஸ்பிரிங் ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய ஸ்பிரிங் இரண்டை வைத்துச் சுமையைப் பங்கு போட்டுவிட்டார்கள். மெஷினின் கனம் 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக நின்றது. ஒருமுறை சாவி கொடுத்தால் 50 மணி நேரம் ஓடியது. மற்ற வாட்ச்சுகள் 36, 40 மணி நேரத்தில் மூச்சு வாங்கிய காலம் அது. தினம் காலையில் சாவி கொடுக்கிறவர் கையில் இந்த மெஷின் தன் பலத்தில் பாதியைக்கூடச் செலவழிப்பதில்லை. ஸ்பிரிங் தளரும் பகுதிக்கு வேலையே வராது, அதனால் நேரமும் சீராக இருக்கும்.

நம்மூரில் ஃபேவர் லூபா என்றால் மாமனார் கல்யாணத்துக்குப் போட்ட வாட்ச், ரிட்டயர் ஆகும்போது ஆபீஸில் சேர்ந்து வாங்கிக் கொடுத்த வாட்ச். நன்றாக உழைக்கும் என்ற பெயர் அதற்கு இருந்தது. நல்ல பெயர்தான். ஆனால் அதைச் செய்த குடும்பம் வாட்ச்சுக்குள் என்னவெல்லாம் செய்து பார்த்தது என்பது, அதைக் கட்டியிருந்தவர்களிலேயே பலருக்குத் தெரியாமல் போய்விட்டது. அதைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எனக்கு ஆசை.

சுவிட்சர்லாந்தின் மேற்கு ஓரம், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஜூரா மலைத்தொடர். அங்கே 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் லெ லோக்ல் என்ற ஊர். மண் வளமில்லை, பனிக்காலம் நீளம். மாடு வளர்த்துப் பாலும் பாலாடைக் கட்டியும் விற்றவர்களுக்குப் பனி மூடிய மாதங்களில் வேலை கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் ஒரு கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு குதிரை வியாபாரி பழுதான இங்கிலீஷ் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தான், டேனியல் ழான்ரிஷார் என்ற இளைஞன் அதைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்தான், பிறகு அதைப் போலவே ஒன்றைத் தானே செய்தான் என்பது கதை. கதையில் எவ்வளவு உண்மையோ, ழான்ரிஷார் உண்மையான ஆள். லெ லோக்லில் குடியேறிப் பலருக்குத் தொழில் கற்றுக்கொடுத்து 1741இல் அங்கேயே இறந்தவர். ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அவர் உயிரோடு இருந்தபோதே, 1737ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் லெ லோக்லின் கடிகாரக்காரர் என்று அபிரகாம் ஃபேவர் என்பவரின் பெயர் பதிவாகியிருக்கிறது. கம்பெனி தன் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது. சுவிஸ் கடிகாரப் பெயர்களில் அதைவிட மூத்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவது, 1735ஐத் தன் தொடக்கமாகக் கொண்ட பிளாங்பான். 1792இல் அபிரகாமின் வழிவந்தவர்கள் தந்தையும் மகன்களுமாகச் சேர்ந்து 'ஏ. ஃபேவர் அண்ட் சன்ஸ்' என்ற பொருள்படும் பெயரில் முறையாகத் தொழில் நடத்தினார்கள்.

அந்தக் காலத்து ஃபேவர் வீட்டை ஒரு தொழிற்சாலையாகக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. ஜூராவில் வேலை வீடு வீடாகப் பிரிந்து கிடந்தது. ஒரு வீட்டில் சக்கரத்துக்குப் பல் வெட்டுவார்கள், இன்னொரு வீட்டில் முள் அறுப்பார்கள், வேறொரு வீட்டில் டயலுக்கு எனாமல் பூசுவார்கள். எல்லாவற்றையும் சேகரித்து, பொருத்தி, ஓட்டிப் பார்த்து, விற்பது வணிகக் குடும்பத்தின் பொறுப்பு. ஜன்னலோரம் நீள மேசை போட்டு, பகல் வெளிச்சம் உள்ளவரை குனிந்திருப்பார்கள். பக்கத்து ஊரான லா ஷோ-த-ஃபோன் முழுவதுமே ஒரே தொழிற்சாலை மாதிரி இயங்கியதைக் கார்ல் மார்க்ஸ் தன் 'மூலதனம்' நூலில் குறிப்பிட்டிருக்கிறார். இந்த இரண்டு ஊர்களையும் 2009இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வீடுகளின் வரிசையும் ஜன்னல்களின் அமைப்பும் கடிகார வேலையை மனதில் வைத்துத் திட்டமிட்டவை என்பதுதான் காரணம். வெளிச்சத்துக்கு ஏற்றபடி ஊரையே அமைத்தார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. எங்கள் தெருவில் ஒரு வாட்ச் ரிப்பேர்காரனுக்குக் கிடைப்பது இரண்டு கடைக்கு நடுவே உள்ள மாடிப்படியின் அடி இடம், அதில் ஒரு டியூப் லைட்.

1815இல் ஹென்றி லூயி ஃபேவர், அகுஸ்த் லூபா என்பவரோடு கூட்டுச் சேர்ந்தார். பெயரின் பின்பாதி அப்படி வந்தது. பிறகு ஃபேவர் வீட்டுப் பையன் ஃபிரிட்ஸ் லூபா வீட்டுப் பெண் அடேலைக் கல்யாணம் செய்துகொள்ள, வியாபாரக் கூட்டு சம்பந்தி உறவாகவும் ஆனது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஊரில் உட்கார்ந்து வாங்க வருகிறவனுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். சரக்கை எடுத்துக்கொண்டு தாங்களே கிளம்பிவிடுவார்கள். ஜெர்மனி, ரஷ்யா, கடல் தாண்டி அமெரிக்கக் கண்டம் என்று ஹென்றி லூயி போனார். 1851இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த உலகக் கண்காட்சியிலும், அடுத்து நியூயார்க், பாரிஸ் கண்காட்சிகளிலும் அவர்கள் கடிகாரங்கள் வைக்கப்பட்டன.

1865இல் ஃபிரிட்ஸ் ஃபேவர் பம்பாய்க்கு வந்தார். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் நான்கு ஆண்டு இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறிப் பணத்தில் மிதந்த பம்பாய், அதே 1865இல் போர் முடிந்ததும் தடாலென்று விழுந்தது. கம்பெனிகள் திவாலாகிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சுவிஸ்காரர் வந்து கடிகார வியாபாரத்துக்கு அடி போட்டார் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அவர் கணக்கு வேறாக இருந்திருக்க வேண்டும். பம்பாயிலிருந்து தாணே வரை 1853இல் ஓடத் தொடங்கிய ரயில், நாடு முழுக்கத் தண்டவாளம் நீட்டிக்கொண்டிருந்தது. ரயில் வந்தால் நிமிஷம் வரும். சூரியன் உச்சிக்கு வந்தால் மதியம் என்றிருந்த ஊர்களில், வண்டி 12:10க்கா 12:40க்கா என்ற கேள்வி எழும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது மதராஸ். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய வானாய்வகத்தின் நேரத்தைத்தான் 1870 முதல் இந்திய ரயில்வேக்கள் பொது நேரமாக வைத்துக்கொண்டன. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முன்னால் உள்ள நேரம் அது. பம்பாயின் சொந்த நேரமோ கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிஷம்தான் முன்னால். ஆக, பம்பாய்க்காரர் ஒருவர் ஃபேவர் லூபா கடையில் பாக்கெட் வாட்ச் வாங்கினால், அதை ஊர் நேரத்துக்கு வைப்பதா, ஸ்டேஷனில் ஓடும் மதராஸ் நேரத்துக்கு வைப்பதா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அரை மணி வித்தியாசம். 1906இல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வந்த பிறகும் பம்பாய் பல காலம் தன் நேரத்தை விடவில்லை. இப்படிப்பட்ட ஊரில்தான் அந்தக் குடும்பம் நூறு வருஷத்துக்கும் மேலாக வியாபாரம் செய்தது. தங்கள் வாட்ச்சுகளோடு மற்ற சுவிஸ் கம்பெனிகளின் சரக்கையும் விற்றார்கள். 'ஃபேவர் லூபா, பம்பாய்' என்று டயலில் அச்சிட்ட ஜெனித் பாக்கெட் வாட்ச்சுகள் இன்றும் பழைய வீடுகளின் பெட்டிகளிலிருந்து வெளியே வருகின்றன.

இந்தியாவில் வாட்ச்சுக்கு எதிரி வியர்வை. உப்பு கலந்த ஈரம் சாவித் தண்டின் வழியாக உள்ளே போய் எஃகில் துருப் பிடிக்க வைக்கும். அடுத்த எதிரி தூசி. ஆயிலோடு சேர்ந்தால் பசையாகிவிடும், சக்கர அச்சுகளின் நுனியான பிவட்டுகளை அறுக்கும். 1950களின் நடுவில் தன் பெயரிலேயே மெஷின் செய்யத் தொடங்கிய பிறகு ஃபேவர் லூபா விட்ட சீ சீஃப், சீ கிங் வரிசை வாட்ச்சுகள் இந்த ஊர் வெயிலில் வருஷக்கணக்காக ஓடியிருக்கின்றன. கிருஷ்ணா ஜெயந்திக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை எடுத்துக் கட்டிய வாட்ச்சுகளைச் சொல்லவில்லை. பஸ் கண்டக்டர் கையில், மில் தொழிலாளி கையில், வாத்தியார் கையில் தினமும் கிடந்தவை. அந்த மெஷின்களின் சக்கரப் பற்களை லென்ஸில் பார்த்தால் தேய்மானம் குறைவாகவே இருக்கும். பாலங்களின் ஓரம்கூட ஒழுங்காக இழைத்திருக்கும். பணக்கார வாட்ச் என்று யாரும் சொல்லாத, மாதச் சம்பளக்காரர் காசு சேர்த்து வாங்கிய ஒன்றில் இந்த ஒழுங்கு இருப்பதுதான் எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் மரியாதை வர முதல் காரணம்.

அடுத்த காரணம் 1962இல் வந்த பிவாக்.

மலையேறுகிறவர்கள் இரவில் திறந்த வெளியில் தங்குமிடத்துக்கு அந்தப் பெயர். நேரம் காட்டுவதோடு, நீங்கள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறீர்கள் என்றும் அந்த வாட்ச் சொல்லும். 3,000 மீட்டர் வரை அளவு. பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது. காற்றழுத்தத்தால் உயரம் காட்டும் இயந்திரக் கைக்கடிகாரத்தில் அதுதான் உலகிலேயே முதல். பின்னால் இருக்கும் அறிவு பழையது. 1648இல் பிரான்ஸில் பாஸ்கல் சொல்லி, அவர் மைத்துனர் பெரியே பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு புய் த டோம் மலை மேல் ஏறினார். மேலே போகப் போகப் பாதரசம் இறங்கியது. காற்றுக்கு எடை உண்டு, உயரத்தில் அந்த எடை குறையும் என்பது அன்று கண்ணால் பார்த்த உண்மையாயிற்று. பாதரசத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிய முடியாதே. 1844இல் லூசியன் விடி என்ற பிரெஞ்சுக்காரர் காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய மெல்லிய உலோகப் பெட்டி ஒன்றைச் செய்தார். வெளிக்காற்று அழுத்தும்போது பெட்டி சப்பும், அழுத்தம் குறைந்தால் உப்பும். அனிராய்டு என்று அதற்குப் பெயர். விமானங்களில் உயரம் காட்டிய கருவிக்குள் இருந்ததும் இதுதான்.

அந்தப் பெட்டியைக் கைக்கடிகாரத்துக்குள் அடக்கியதுதான் ஃபேவர் லூபாவின் சாதனை. எவ்வளவு கடினம் என்பது மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்குத்தான் புரியும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1,013 மில்லிபார். 3,000 மீட்டரில் சுமார் 700. எட்டு மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார்தான் குறைகிறது. அந்த அற்ப வித்தியாசத்துக்குப் பெட்டியின் முகம் அசைவது கண்ணுக்கே தெரியாது. அந்த அசைவை நெம்புகோலாலும் பல்சக்கரத்தாலும் பெருக்கி, ஒரு முள்ளைச் சுழற்ற வேண்டும். நடுவே எங்கேயும் உரசல் இருக்கக் கூடாது, இருந்தால் முள் நகராமல் நின்று பிறகு ஒரே தாவாகத் தாவும். பெட்டி பெரிதாக இருந்தால் பலம் அதிகம், ஆனால் அதன் கீழே ஒரு முழு வாட்ச் மெஷினும் இருக்க வேண்டும். அது மட்டுமா? காற்று உள்ளே வந்து போகக் கேஸில் வழி விட வேண்டும். எந்த வாட்ச்சையும் காற்றும் ஈரமும் புகாமல் மூடுவதுதான் எங்கள் தொழிலின் பாதி வேலை. இவர்கள் வேண்டுமென்றே வழி திறந்துவிட்டு, அதற்குப் பிறகும் மெஷினைக் காப்பாற்றினார்கள்.

பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தன் தாத்தாவின் பிவாக்கை ஒருமுறை என்னிடம் கொண்டுவந்தார். "அண்ணே, ஓட மட்டும் வச்சுக் குடுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். ஆயில் காய்ந்து போயிருந்தது, வேறு பழுதில்லை. கழுவி, ஆயிலிட்டுக் கொடுத்தேன். பெட்டியின் மேல் கை வைக்கவில்லை, அது இன்னும் உயிரோடு இருந்தது. ஒரு கண்ணாடி ஜாடியில் வாட்ச்சை வைத்து, மூடியில் செருகிய குழாய் வழியாக வாயால் கொஞ்சம் காற்றை உறிஞ்சியதும் முள் மெல்ல ஏறத் தொடங்கியது. உறிஞ்சுவதை விட்டேன், இறங்கியது. தாவவில்லை, தடுக்கவில்லை. நானும் அவரும் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம்.

அவர் அதைப் பயன்படுத்தும் விதத்தையும் சொன்னார். மலை அடிவாரத்தில், உயரம் தெரிந்த ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, டயலைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி முள்ளுக்கு நேராக அந்த உயரத்தை வைத்துவிடுவார். மேலே ஏற ஏற முள் ஏறும். தோட்டத்தில் போய் உட்கார்ந்த பிறகு, ஆள் அசையாமல் இருக்கும்போது முள் மட்டும் ஏறினால் அவருக்கு வேறு செய்தி. காற்றழுத்தம் விழுகிறது, மழை வரப் போகிறது. காபிப் பழத்தை உலர்த்தப் போட்டிருக்கும் களத்தில் தார்ப்பாயை எடுத்து வைத்துவிடலாம். ஆல்ப்ஸ் மலைக்காரர்களுக்காகச் செய்த கருவி நம் மலைக்கும் அளவெடுத்தது போலப் பொருந்துகிறது. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். தமிழ்நாட்டின் எந்தச் சிகரத்துக்குப் போனாலும் அந்த டயலைத் தாண்ட முடியாது.

1964இல் வால்டர் பொனாட்டியும் மிஷேல் வோஷேயும் ஆல்ப்ஸில் கிராந்த் ஜொராஸின் வடக்கு முகத்தில் விம்ப்பர் முனைக்கு ஏறியபோது பிவாக் கட்டியிருந்ததாகக் கம்பெனியின் வரலாறு சொல்கிறது. 1975இல் எவரெஸ்டில் ஏறிய முதல் பெண்ணான ஜூன்கோ தபேயின் பெயரையும் அவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெரிய பெயர்களைவிட, களத்துக்குத் தார்ப்பாய் எடுத்து வைத்த காபித் தோட்டக்காரர்தான் அந்த வாட்ச் எதற்காகச் செய்யப்பட்டது என்பதைச் சரியாகக் காட்டினார்.

மலைக்கு ஏறியவர்கள் ஆறு வருஷத்தில் கடலுக்குள் இறங்கினார்கள். 1968இல் வந்தது பாத்தி. மீட்டரில் அளவு காட்டியதற்கு பாத்தி 50 என்றும், அடிக் கணக்கில் காட்டியதற்கு பாத்தி 160 என்றும் பெயர். 1953 முதலே முக்குளிப்போருக்கென்று வாட்ச்சுகள் வந்துவிட்டன. ஆனால் அவை காட்டியது நேரத்தை மட்டும். முக்குளிக்கிறவருக்கு உயிர்ப் பிரச்சினை, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பது. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரையும். சட்டென்று மேலே வந்தால் அது குமிழியாகி மூட்டிலும் முதுகெலும்பிலும் அடைக்கும். நேரம், ஆழம் இரண்டும் தெரிந்தால்தான் எந்த இடத்தில் எவ்வளவு நின்று மேலேற வேண்டும் என்று கணக்குப் போடலாம். பாத்தி இரண்டையும் ஒரே டயலில் காட்டியது. இயந்திரக் கைக்கடிகாரத்தில் அதுவும் முதல்முறை.

பேக் கவரில் துளைகள் இருக்கும். கடல் நீர் அவற்றின் வழியாக உள்ளே வந்து, செம்பும் பெரிலியமும் கலந்த உலோகத் தகடு ஒன்றின் மேல் அழுத்தும். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 50 மீட்டரில் தரையில் உள்ளதைப்போல் ஆறு மடங்கு. அந்தத் தகடு வளைந்து நெம்புகோலைத் தள்ள, நடுவில் உள்ள முள் ஆழத்தைக் காட்டும். தண்ணீர் தள்ள வேண்டும், ஒரு சொட்டுக்கூடத் தாண்டி உள்ளே வரக் கூடாது. தகட்டின் விளிம்பில் உள்ள மூடல்தான் எல்லாம். அது நைந்தால் வாட்ச் போயிற்று. இப்போது கிடைக்கும் பழைய பாத்திகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

இந்த வாட்ச்சுகளையெல்லாம் ஒரே குடும்பக் கம்பெனிதான் செய்தது, அதுவும் சுமார் பத்து வருஷத்துக்குள். பெரிய கம்பெனிகள் பல நகைபோன்ற மெலிந்த வாட்ச்சுகளிலும் விளம்பரத்திலும் கவனமாக இருந்த வேளையில், மலையில் நிற்கிறவனுக்கும் கடலில் இறங்குகிறவனுக்கும் கையில் என்ன தெரிய வேண்டும் என்று இவர்கள் யோசித்தார்கள். சரக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன தாத்தாக்களின் புத்தி அது. போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அங்குள்ளவனின் தேவை தெரியும்.

1960களின் கடைசியில் ஜேகர்-லிகோல்ட்ர் என்ற இன்னொரு சுவிஸ் கம்பெனியோடு சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தார்கள். பெரிதாக வளரலாம் என்ற நம்பிக்கை இருந்திருக்கும். 1969 கிறிஸ்துமஸன்று ஜப்பானில் செய்கோ குவார்ட்ஸ் வாட்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1970 வாக்கில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள், 1980களின் நடுவில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. இந்தியச் சந்தையும் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் அடைந்துபோயிருந்தது. சுவிஸ் வாட்ச்சுகள் சிங்கப்பூர் போய்வந்தவர்கள் கையிலும், பர்மா பஜார் போன்ற இடங்களிலும்தான் கிடைத்தன. 1985இல் எட்டாவது தலைமுறை கம்பெனியை விற்றுவிட்டது. 1737இல் தொடங்கிய குடும்பச் சொத்து அன்றோடு முடிந்தது. பெயர் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த விற்பனைக்கு முந்தின வருஷம்தான், 1984இல், டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கியிருந்தன. ஓசூரில் தொழிற்சாலை. முதல் நாளிலிருந்தே குவார்ட்ஸ்தான். சாவி கொடுக்கும் வாட்ச்சுகள் எங்கள் மேசைகளுக்கு வருவது குறைந்ததில் ஓசூருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே டைட்டன் 2011இல் ஃபேவர் லூபாவை வாங்கியது. விலை சுமார் 20 லட்சம் யூரோ என்று செய்தி வந்தது. வாங்கியதும் சும்மா இருக்கவில்லை. 2017இல் பிவாக் 9000 என்ற ஒன்றை வெளியிட்டார்கள். பழைய பிவாக்கைப் போலவே அனிராய்டுப் பெட்டி, இப்போது அளவு 9,000 மீட்டர் வரை, எவரெஸ்டின் உச்சியையும் தாண்டி. பெயரை மட்டும் வாங்கி மலிவான வாட்ச்சில் ஒட்டி விற்றிருக்கலாம், அதைச் செய்யாமல் அந்த வீட்டின் கடினமான வேலையை எடுத்துச் செய்தார்களே என்று எனக்குச் சந்தோஷம். வியாபாரம் நிலைக்கவில்லை. 2023இல் ஈத்தோஸ் என்ற இன்னொரு இந்தியக் கம்பெனியின் பக்கம் பெயர் போனது. மறு வருஷம் ஜெனீவாவில் புதிய வாட்ச்சுகள் வெளியாயின.

இதற்கிடையில் நம் நாட்டில் இந்தப் பெயருக்கு ஒரு கெடுதல் நடந்துகொண்டிருக்கிறது. பழைய மெஷினை எடுத்து, டயலைச் சுரண்டி, ஆரஞ்சும் நீலமுமாகப் புதிதாக அச்சடித்து, பளபளக்கும் கேஸில் போட்டு, 'அசல் சீ சீஃப்' என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். லென்ஸை வைத்து டயலில் உள்ள எழுத்தைப் பாருங்கள். அசலில் மை சன்னமாக, ஓரம் கூர்மையாக உட்கார்ந்திருக்கும். மறு அச்சில் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும், சின்ன எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நிமிஷக் கோடுகள் எண்களுக்கு நேராக வந்து நிற்காது. ஆறு மணிக்குக் கீழே ஸ்விஸ் என்ற வரி வளைவோடு சேராமல் தனியே நிற்கும். மங்கிப்போன, புள்ளி விழுந்த அசல் டயல் உங்கள் தாத்தாவின் வாட்ச்சில் இருந்தால் அதை அப்படியே விடுங்கள். புதிதாக்கித் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

இன்று என் மேசைக்கு வரும் ஃபேவர் லூபாக்களில் பெரும்பாலும் பேலன்ஸ் வீலின் அச்சான ஸ்டாஃப் உடைந்திருக்கும், அல்லது மெயின் ஸ்பிரிங் போயிருக்கும். ஒற்றைப் பேரல் மெஷினுக்கு அளவு பார்த்து வேறு ஸ்பிரிங் போட்டுச் சமாளிக்கலாம். இரட்டைப் பேரலில் முடியாது. இரண்டும் ஒரே பலத்தில் இருக்க வேண்டும், ஒன்று வலுத்து ஒன்று தளர்ந்தால் அந்த மெஷினை அப்படிச் செய்ததற்கே அர்த்தமில்லாமல் போகும். ஓடாத மூன்று வாட்ச்சிலிருந்து ஓடும் ஒன்றை உருவாக்கித்தான் நாங்கள் வாடிக்கையாளரை அனுப்புகிறோம். ஒவ்வொரு முறையும் உலகத்தில் இருக்கும் எண்ணிக்கை குறைகிறது. பிவாக்கின் பெட்டி கசிந்துவிட்டால் அதற்கு மாற்று எங்கேயும் விற்பதில்லை.

பெயரை வாங்கியவர்கள் இப்போது இந்தியர்கள். பழைய வாட்ச்சுகளில் பெரும் பங்கும் இந்திய வீடுகளிலேயே கிடக்கிறது. புதிய மாடல்களோடு சேர்த்து, அந்த இரட்டைப் பேரல் மெஷினுக்கு மெயின் ஸ்பிரிங்கும் பேலன்ஸ் ஸ்டாஃபும் கொஞ்சம் செய்து விற்கட்டும், பழைய மெஷின்களின் வரைபடங்கள் இருந்தால் ரிப்பேர்காரர்கள் பார்க்கும்படி வெளியிடட்டும் என்பது என் கோரிக்கை. ஒரு பெட்டி ஸ்பிரிங் வந்தால் முதலில் சரிசெய்ய வேண்டிய வாட்ச்சுகளை உறையில் போட்டு, சொந்தக்காரர் பெயர் எழுதி, டிராயரில் வைத்திருக்கிறேன்.